பத்தாயிரத்தில் ஒருவர்: அரிய பக்கவிளைவுகளும் இயந்திரக் கற்றலும்

ஒரு புதிய மருந்து விற்பனைக்கு வருமுன் அதை அதிகம் போனால் சில ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களில் மூவாயிரம் பேரைப் பார்த்து, ஒருவருக்குக்கூட ஈரல் கெடவில்லை என்றால், அந்த மருந்து ஈரலைக் கெடுக்காது என்று முடிவு கட்ட முடியாது. கெடுத்தாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் கெடுக்காது என்று மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியுடன் சொல்லலாம். புள்ளியியலாளர்கள் இதை ‘மூன்றின் விதி’ என்பார்கள்: மூன்றைச் சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், கண்ணில் படாமல் தப்பியிருக்கக்கூடிய ஆபத்தின் உச்சவரம்பு கிடைக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கும் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் இடைப்பட்ட அளவில் வருவதை அரிய பக்கவிளைவு என்றும், அதற்கும் குறைவாக வருவதை மிக அரியது என்றும் மருந்துத் துறையில் வகைப்படுத்துகிறார்கள். ஆகவே இவ்விரண்டும் பெரும்பாலும் மருந்து கடைக்கு வந்த பிறகே, அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களின் உடம்பில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன.

இந்தக் கேட்டை முன்கூட்டியே அறிய இயந்திரக் கற்றல் உதவுமா என்று கேட்கும்போது உண்மையில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து அது உடம்பில் எங்கே வம்பு செய்யும் என்று சொல்வது ஒன்று. மருத்துவர்களும் நோயாளிகளும் அனுப்பிய லட்சக்கணக்கான அறிவிப்புகளுக்குள் புதைந்திருக்கும் தொடர்பைத் தோண்டி எடுப்பது இன்னொன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த நோயாளிக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது மூன்றாவது. முதல் இரண்டிலும் கண்ட வெற்றியைக் காட்டி மூன்றாவதையும் சாதித்துவிட்டதாகப் பேசுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

அப்படிப் பார்க்க மும்பை தோதான ஊர். 1933இல் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி இன்று மாட்டுங்காவில் வேதித் தொழில்நுட்பக் கழகமாக இருக்கும் நிறுவனம், டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி உட்பட, நாட்டின் மருந்துத் தொழிலை நடத்தியவர்கள் பலரைப் படிக்கவைத்தது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை, 2005இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இரண்டு மண்டல மையங்களில் ஒன்று. மற்றொன்று தில்லி எய்ம்ஸ். அதே ஊரில் தாராவியும், செம்பூரை அடுத்த கோவண்டியும் இருக்கின்றன. நீண்ட நாள் மருந்து சாப்பிட வேண்டிய காசநோய் இங்கே நெருக்கமான குடியிருப்புகளில் வேரூன்றியிருக்கிறது. தாராவியை ஒட்டிய மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள்தான், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் நால்வரிடம் இருப்பதாக 2012ஐ ஒட்டி அறிவித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். மருந்து செய்யக் கற்பிக்கும் இடமும், அதன் கேட்டைக் கணக்கெடுக்கும் இடமும், அதை மாதக்கணக்கில் விழுங்கும் மக்களும் ஒருவருக்கொருவர் சில ரயில் நிலையங்கள் தள்ளி இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கிடையே தகவல் அவ்வளவு சுலபமாகப் பயணிப்பதில்லை.

அறிவிப்புகளின் குவியல்

தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தது 1961இல் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, பல நாடுகள் பக்கவிளைவு அறிவிப்பு முறையைத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுத் திட்டம் 1968இல் தொடங்கியது. அதன் தரவுத்தளமான விஜிபேஸ் இப்போது சுவீடனின் உப்சாலா நகரில் பராமரிக்கப்படுகிறது. அதில் 3 கோடிக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் சேர்ந்துள்ளன. இந்தியாவின் தற்போதைய திட்டம் 2010இல் எய்ம்ஸில் தொடங்கி, 2011இல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது. மருத்துவக் கல்லூரிகளில் உள்ள கண்காணிப்பு மையங்கள் படிவங்களைத் திரட்டி ஆணையத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அவை உப்சாலாவுக்குப் போகின்றன.

இந்தக் குவியலில் தேடும் முறை எளிமையானது. எல்லா மருந்துகளுக்குமான அறிவிப்புகளில் நூற்றுக்கு ஒன்று கடும் தோல் ஒவ்வாமையைப் பற்றியது என்று கொள்வோம். ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு வந்த அறிவிப்புகளில் மட்டும் அது நூற்றுக்கு ஐந்தாக இருந்தால், எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு. இந்த விகிதம் எதேச்சையாக வந்திருக்குமா என்று சோதிப்பதுதான் மீதி வேலை. மூன்று அறிவிப்புகளை வைத்து ஐந்து மடங்கு என்று சொல்வதற்கும் முந்நூறை வைத்துச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ள, பேய்ஸ் தேற்றத்தின் அடிப்படையிலான நரம்பு வலை ஒன்றை உப்சாலா ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு தெருவுக்கு வருவதற்கு வெகு முன்னரே மருந்துக் கண்காணிப்பில் இயந்திரக் கற்றல் நுழைந்துவிட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னால் வந்த முறைகள் விகிதத்தோடு நிற்காமல், படிவம் எவ்வளவு முழுமையாக நிரப்பப்பட்டிருக்கிறது, எத்தனை நாடுகளிலிருந்து வந்திருக்கிறது, நோயாளியின் கதை விவரமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் சேர்த்து எடைபோடுகின்றன. ஒரே நோயாளியைப் பற்றி மருத்துவரும் மருந்து நிறுவனமும் தனித்தனியே அனுப்பிய இரட்டை அறிவிப்புகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவதும் இயந்திரத்தின் வேலைதான். கவர்ச்சியில்லாத வேலை, ஆனால் இது சரியாக நடக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கை இந்த வழியில் வந்த ஒன்று. மாதவிடாய் வலிக்கும் காய்ச்சலுக்கும் வீட்டுக்கு வீடு புழங்கும் மெஃபெனாமிக் அமிலம் (மெஃப்டால் என்றால் எல்லோருக்கும் தெரியும்), டிரெஸ் எனப்படும் ஒவ்வாமைக்குக் காரணமாகலாம் என்று அது சொன்னது. மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, நிணநீர்க் கட்டி வீக்கம், ஈரல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் கேடு அது. சிலரின் உயிரையும் எடுக்கும். பல பத்தாண்டுகளாக மருந்துச் சீட்டுகூட இல்லாமல் விற்கப்பட்ட மாத்திரையைப் பற்றி இவ்வளவு தாமதமாகத் தேசிய எச்சரிக்கை வந்ததற்குக் கணக்கிடும் முறை பழையது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. கணக்கிடப் போதுமான படிவங்கள் சேர அவ்வளவு காலம் பிடித்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. நீரிழிவு மருந்தான பயோகிளிட்டசோன் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே, பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் திரும்பி வந்தது. சமிக்ஞை கிடைப்பதும் காரணம் நிரூபணமாவதும் வேறு வேறு. நடுவே தீர்மானிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

படிவத்துக்கு வராதவர்கள்

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, பக்கவிளைவுகளில் இடைநிலைக் கணக்காக 94 விழுக்காடு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்றது. மீதி ஆறு விழுக்காடு எல்லாத் தெருக்களிலிருந்தும் சமமாக வந்தாலும் பரவாயில்லை. அப்படி வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

தாராவியின் தொண்ணூறடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒருவருக்கு மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தால் என்ன நடக்கும்? முதலில் பக்கத்து மருந்துக்கடையில் ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை கேட்பார். அடங்காவிட்டால் சந்து முனையில் இருக்கும் டாக்டரிடம் போவார். அவர் பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி வேறு எழுதித் தருவார். தடிப்பு அடங்கிவிடும்; கதை அங்கே முடியும். ரொம்ப முற்றினால்தான் சயான் மருத்துவமனைக்குப் போய்க் கேஸ் பேப்பர் எடுப்பார். அங்கே ‘என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்து வாங்கிய நாலு மாத்திரையின் துண்டைக் காட்டுவார். மருந்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். தொகுப்பு எண் அட்டையின் வேறொரு மூலையில், கடையிலேயே தங்கியிருக்கும். நோயாளியே நிரப்பி அனுப்பக்கூடிய படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. இரண்டும் இருப்பது தெரிந்தவர்கள் குறைவு.

இயந்திரம் கற்பது இந்தச் சல்லடையைத் தாண்டி வந்ததிலிருந்துதான். பெரிய மருத்துவமனைக்குப் போக முடிந்தவர்களின் பக்கவிளைவே அதற்கு உலகத்தின் பக்கவிளைவு. வெளிநாட்டு மருத்துவமனைகளில் வயது, எடை, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாம் கணினியில் வரிசையாகக் கிடக்கும். மாநகராட்சி மருத்துவமனையில் அவை கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதப்பட்டு, மடித்து, நோயாளியின் பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும்.

எந்தத் தரவுத்தளமும் தானாகப் பிடித்திருக்க முடியாத ஒன்றை மும்பை மருத்துவர்கள் பிடித்த கதை இங்கே பொருந்தும். 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மஞ்சள் காமாலையுடன் வந்த ஆறு நோயாளிகளைக் கல்லீரல் மருத்துவர் ஆபா நாக்ரலும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். ஆறு பேரும் கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டி, வடக்கே ‘கிலோய்’ என்று விற்கப்படும் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தவர்கள். 2021இல் இது வெளியானபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மையங்கள் சேர்ந்து இதே போன்ற 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. சீந்தில் எந்த மருந்துச் சீட்டிலும் இருக்காது. ‘கஷாயம் ஏதாவது குடித்தீர்களா’ என்று ஒருவர் கேட்டால்தான் தெரியும். கோடிக்கணக்கானோர் குடித்ததில் மிகச் சிலருக்கு வந்த கேடு இது. கேட்கப்படாத கேள்விக்கான பதிலிலிருந்து எந்த வழிமுறையும் எதையும் கற்க முடியாது.

மூலக்கூறும் கணிப்பும்

மருந்துகள் நினைத்த இடத்தில் மட்டும் ஒட்டுவதில்லை. வேறு புரதங்களிலும் ஒட்டி எதிர்பாராத விளைவைத் தருகின்றன. 2012இல் நோவார்ட்டிஸ் நிறுவன ஆய்வாளர்களும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் 656 மருந்துகளை எடுத்துக்கொண்டு, பக்கவிளைவுக்குப் பெயர்போன 73 புரதங்களில் எவை எதில் ஒட்டும் என்று வேதியியல் ஒப்புமையை வைத்துக் கணித்தார்கள். சோதனைச்சாலையில் பார்த்தபோது கணிப்புகளில் ஏறத்தாழப் பாதி சரியாக வந்தது. மருந்தாக ஆகப்போகும் மூலக்கூறுகளைத் தொடக்கத்திலேயே வடிகட்ட இந்தத் துல்லியம் போதும். குறிப்பாக இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பொட்டாசியப் பாதையை அடைக்கும் மருந்துகளை இப்போது ஆரம்பத்திலேயே ஓரங்கட்டுகிறார்கள். சிசாப்ரைடு போன்றவை சந்தைக்கு வந்து, உயிர்கள் போன பிறகு கற்ற பாடம் அது.

அறிவிப்புக் குவியலையும் சோதனைச்சாலையையும் சேர்த்துப் பயன்படுத்திய முயற்சிகளில் நிக்கலஸ் டட்டோனெட்டியின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2016இல் செய்தது எடுப்பானது. செஃப்ட்ரையாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும் லான்சோபிரசோல் என்ற வயிற்றுப்புண் மாத்திரையும் சேர்ந்தால் இதயத்தின் மின் இடைவெளி நீளலாம் என்று அமெரிக்க அறிவிப்புகளில் இயந்திரம் காட்டியது. தனித்தனியாக இரண்டும் சாது. அந்தக் குழு அதோடு விடவில்லை. மருத்துவமனைப் பதிவுகளில் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களின் இதய மின்வரைபடங்களைப் பார்த்தது. பிறகு உயிரணுக்களில் மருந்துகளை ஊற்றி, பொட்டாசியப் பாதை அடைபடுவதை அளந்தது. கணிப்பு, பதிவு, சோதனை என்ற மூன்று படியும் ஏறிய ஆய்வுகள் இத்துறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மறுபுறம், ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2018இல் வந்த டெககான் என்ற வலைப்பின்னல் மாதிரி 645 மருந்துகளை இணைகளாக எடுத்து, 964 வகைப் பக்கவிளைவுகளைக் கணித்துப் பெரும் பெயர் பெற்றது. கணிதம் அழகானது. ஆனால் அது கற்ற இணைப்புகளும் அதே அறிவிப்புக் குவியலிலிருந்து வடித்தெடுத்தவைதான். குவியலில் உள்ள பிழைகளைத் திறம்படக் கற்றுக்கொண்டாலும் மதிப்பெண் கூடத்தான் செய்யும். இந்த வகைக் கட்டுரைகளைப் படிக்கும்போது, கணித்ததை வேறு தரவில் சரிபார்த்தார்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். பாதி வியப்பு அடங்கிவிடும்.

எதிரே இருக்கும் நோயாளி

இனிக் கடினமான பகுதி. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேட்டைக் கணிக்கும் ஒரு நிரல், எல்லோருக்கும் ‘வராது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 99.99 விழுக்காடு சரி என்று பெயர் வாங்கிவிடும். ஆகவே துல்லியம் என்ற அளவுகோலே இங்கே செல்லாக்காசு. சரி, உண்மையிலேயே நல்ல நிரல் என்று வைத்துக்கொள்வோம்: கேடு வரப்போகிறவர்களில் நூற்றுக்கு 99 பேரைப் பிடிக்கிறது, வராதவர்களிலும் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக விடுவிக்கிறது. பத்து லட்சம் பேரில் கேடு வரப்போகிறவர்கள் 100. அதில் 99 பேர் பிடிபடுவார்கள். கூடவே, ஒன்றும் ஆகப்போகாத 9,999 பேரும் பிடிபடுவார்கள். எச்சரிக்கை பெறும் நூறு பேரில் ஒருவருக்குத்தான் அது பொருந்தும். கேடு வரப்போகிறவர்களைப் பிடிக்கும் திறனை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த விகிதம் பெரிதாக நகராது. அது கேடு அரிதாக இருப்பதிலிருந்து வருவது.

அப்படியென்றால் கணிப்பே வீணா? தொழுநோய் மருந்தான டாப்சோனின் கதை அப்படிச் சொல்லவில்லை. மும்பைக்கும் அந்த நோய்க்கும் நீண்ட உறவு: ஆதரவற்ற நோயாளிகளுக்கான காப்பகம் 1890இல் மாட்டுங்காவில் திறக்கப்பட்டது, அதுதான் பின்னர் ஆக்வர்த் மருத்துவமனை ஆயிற்று. டாக்டர் ஆர். கணபதி 1976இல் நிறுவிய பாம்பே லெப்ரசி புராஜெக்ட் தாராவி போன்ற பகுதிகளில் வீட்டருகே போய்ச் சிகிச்சை தந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தில் டாப்சோனும் ஒன்று. அதைச் சாப்பிடுவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.4 பேருக்கு, நாலைந்து வாரத்தில் காய்ச்சலும் தடிப்பும் ஈரல் வீக்கமுமாக ஒரு கடும் ஒவ்வாமை வருகிறது. வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். எச்.எல்.ஏ.-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது என்று சீன ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வாமை வந்த 39 பேரையும் வராத 833 பேரையும் ஒப்பிட்டுக் கிடைத்த முடிவு அது. இந்த வகை ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அநேகமாக இல்லை. இந்தியர்களிடம் பகுதிக்குப் பகுதி மாறி 1 முதல் 12 விழுக்காடு வரை காணப்படுகிறது.

அந்த ஆய்வின்படி இந்தச் சோதனை, வரப்போகிறவர்களில் 85.5 விழுக்காட்டைப் பிடிக்கும், வராதவர்களில் 85.7 விழுக்காட்டை விடுவிக்கும். பத்தாயிரம் பேரைச் சோதித்தால் வரப்போகும் 140 பேரில் 120 பேர் சிக்குவார்கள். கூடவே வீணாக 1,410 பேர். அதாவது ‘ஆபத்து’ என்று முத்திரை குத்தப்படும் பன்னிரண்டு பதின்மூன்று பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் ஆபத்து. சோதனையில் தப்பிய சுமார் 8,470 பேரில் ஒவ்வாமை வரப்போவது இருபது பேருக்கு மட்டும். இது மோசமான சோதனையா? இல்லை. டாப்சோனை விலக்கிவிட்டுத் தொழுநோய்க்கு வேறு மருந்து தர முடியும். பதின்மூன்று பேர் மாற்று மருந்து சாப்பிடுவது, அவர்களில் ஒருவரை உயிரையே எடுக்கக்கூடிய ஒவ்வாமையிலிருந்து காப்பதற்குச் செலுத்தும் நியாயமான விலை. சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை முன்கூட்டியே சோதித்து, இந்த வகை இல்லாதவர்களுக்கு மட்டும் டாப்சோன் கொடுத்தபோது ஒருவருக்கும் அந்த ஒவ்வாமை வரவில்லை.

வலிப்பு மருந்தான கார்பமசெப்பின் விஷயத்திலும் இதுவே நடந்தது. தோல் வெந்ததுபோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்த தைவான் நோயாளிகள் 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 இருந்தது என்பது 2004இல் தெரிந்தது. குஜராத்தில் பின்னர் பார்த்தபோது எட்டுப் பேரில் ஆறு பேரிடம் இருந்தது. தைவானில் கற்ற விதி இங்கே பெரும்பாலும் செல்லும், ஆனால் முழுக்கச் செல்லாது. வேறு மக்களிடம் கற்ற கணிப்பை அப்படியே இறக்குமதி செய்வதன் எல்லை அந்த எட்டுப் பேரிலேயே தெரிகிறது.

உள்ளூர் அறிவு எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்பதற்குக் கோவை ஒரு சான்று. அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலினின் பிடி சில நிமிடங்களில் விட்டுவிட வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தவர் சிலருக்கு அது மணிக்கணக்கில் நீடித்து, மூச்சுவிடவே இயந்திரம் தேவைப்படுகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதியில் உள்ள குறிப்பிட்ட திரிபுதான் காரணம் என்று பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2006இல் காட்டினார்கள். உலக அளவில் மிக அரியது என்று தள்ளப்படும் ஒன்று, சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் ஒரு சமூகத்தில் அரியதாக இருப்பதில்லை. மும்பைப் பார்சிகளிடம் அதிகமாகக் காணப்படும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் அப்படித்தான்; மலேரியாவுக்கு பிரைமாகுவின் கொடுக்குமுன் அதை விசாரிக்கும் வழக்கம் எந்தக் கணினியையும் கேட்டு வந்ததல்ல. இயந்திரக் கற்றல் மாதிரிகளில் சமூகமும் பூர்வீகமும் பெரும்பாலும் தரவாகச் சேர்வதில்லை. சேர்த்தால் அதற்கே உரிய வேறு ஆபத்துகள் உண்டு என்பதும் உண்மை.

காசநோய் மருந்துகள்: எது அரியது, எது பழகிப்போனது

காசநோயில் மாற்று மருந்து அவ்வளவு தாராளமாகக் கிடையாது. ஐசோனியசிடை நிறுத்தினால் நோய் மிஞ்சும். கொடுத்தால் சிலருக்கு ஈரல் கெடும். 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 1961லேயே தென்னிந்திய நோயாளிகள் இந்த மருந்தை எவ்வளவு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறார்கள் என்று அளந்து வெளியிட்டது. மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்களே இங்கே அதிகம். கூடிய அளவு மருந்து கொடுத்தபோது கைகால் மதமதப்பு அவர்களுக்குத்தான் மிகுதியாக வந்தது. பிரிடாக்சின் வைட்டமின் அதைத் தடுத்தது. மரபணு வாசிக்கும் கருவி வருவதற்கு முன்பே, மருந்துக்கு உடம்பு என்ன செய்கிறது என்று அளந்து ஆளுக்கு ஆள் ஆபத்தைப் பிரித்தறிந்த பணி அது. அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் என்ஏடி2 மரபணுவைப் பார்த்து அளவை மாற்றினால் ஈரல் பாதிப்பு குறைகிறது என்று 2013இல் ஜப்பானில் ஒரு சோதனை காட்டியது. எந்தச் சிக்கலான வழிமுறையும் இல்லாமல் ஒற்றை மரபணுவே இவ்வளவு சொல்லிவிடுகிறது. இயந்திரக் கற்றல் இதை விஞ்ச வேண்டுமானால் வயது, எடை, குடிப்பழக்கம், ஹெப்படைட்டிஸ், ஊட்டக்குறை ஆகிய அத்தனையும் அதன் கையில் இருக்க வேண்டும்.

எல்லாக் கேடும் கணிப்பை வேண்டி நிற்பதில்லை. கனமைசின் ஊசி காதைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது அரியதே அல்ல. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு திரிபு சிலருக்குச் சில ஊசிகளிலேயே செவிட்டுத்தன்மையை வரவழைக்கும், அது தனி விஷயம். மற்றவர்களுக்கு வேண்டியது ஒழுங்கான செவித்திறன் சோதனையும், ஊசிக்குப் பதில் வேறு மருந்தும். மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் இந்த ஊசியால் கேட்கும் திறனை இழந்தவர். அதே இழப்பைச் சந்தித்த தென்னாப்பிரிக்கரான பூமேசா டிசிலேயுடன் சேர்ந்து, மாற்று மருந்தான பெடாகுவிலினுக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் கேட்ட காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்தார். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் கனமைசினைச் சிகிச்சையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டது. தெரிந்த கேட்டைத் தவிர்க்காமல் இருந்துவிட்டு, தெரியாத கேட்டைக் கணிக்கக் கணினி வாங்குவது வரிசை மாறிய வேலை.

பெடாகுவிலினின் கதையோ சிறிய எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு உதாரணம். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் பெட்டியில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தது. இதய மின் இடைவெளி நீள்வது ஒரு காரணம். சோதனையில் மருந்து எடுத்தவர்களில் பத்துப் பேரும் எடுக்காதவர்களில் இரண்டு பேரும் இறந்தது இன்னொன்று. அந்த மரணங்களில் மருந்தைக் கைகாட்டும் பொதுவான ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. என்றாலும் பயம் இருந்தது. இந்தியா 2016இல் அதை மும்பை, சென்னை உட்பட ஆறே மையங்களில் நிபந்தனையுடன் கொடுக்கத் தொடங்கியது. 2018இல் தென்னாப்பிரிக்கா தன் ஏறத்தாழ 19,600 நோயாளிகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தபோது, பெடாகுவிலின் எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. பன்னிரண்டு மரணங்கள் எழுப்பிய சந்தேகத்தைத் தீர்த்தது புதிய வழிமுறை அல்ல. ஒரு நாடு தன் நோயாளிகளைப் பதிவு செய்து, மரணப் பதிவேட்டுடன் இணைத்து வைத்திருந்ததுதான்.

இந்தியாவிலும் காசநோயாளிகளுக்கு நிக்‌ஷய் என்ற தேசியப் பதிவேடு இருக்கிறது. மும்பை காலினாவில் 2018இல் தொடங்கிய வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனம் அந்தத் தரவைக் கொண்டு, சிகிச்சையை நடுவில் விட்டுவிடக்கூடியவர்களை முன்கூட்டியே இனங்காணும் மாதிரியை உருவாக்கியது. இது பக்கவிளைவுக் கணிப்பு அல்ல; ஆனால் அதன் நெருங்கிய சொந்தம். குமட்டல், மூட்டுவலி, கண் மஞ்சளாதல் என்று ஒன்று வந்ததால் மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்கள் பதிவேட்டில் ‘விட்டுவிட்டார்’ என்ற ஒரே தலைப்பில் போய் விழுகிறார்கள். விட்டவரைத் தேடிப் போகும் களப்பணியாளர் ஏன் என்று கேட்டு அதையும் பதிவு செய்தால், பக்கவிளைவைக் கற்கத் தேவையான தரவு அங்கேயே முளைக்கத் தொடங்கும். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் தனியார் மருத்துவரிடம் போகும் நடுத்தரக் குடும்பங்களின் விவரம் பதிவேட்டில் ஏறினாலும், அங்கே எடுத்த ஈரல் சோதனையின் முடிவு ஆய்வகத்தின் கணினியிலேயே நின்றுவிடுகிறது.

பெருமொழி மாதிரிகள் வந்தபின், மருத்துவர் கிறுக்கியதையும் நோயாளி சொன்னதையும் படித்துப் படிவமாக மாற்றும் வேலையை இயந்திரத்திடம் விடலாம் என்ற நம்பிக்கை கூடியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இந்திய நகரங்களில் பல்லாயிரம் இளைஞர்கள் நாள் முழுக்கச் செய்துவரும் அறிவிப்புத் தொகுப்பு வேலையில் அது ஏற்கெனவே நுழைந்துவிட்டது. இல்லாத விவரத்தைத் தானே இட்டு நிரப்பும் அதன் குணம் இங்கே ஆபத்து: பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடும் தரவில் பத்தாயிரத்தில் ஒரு பொய் கலந்தாலே கணக்குக் கெட்டுவிடும்.

கணிப்பு அதிகம் பயன்படக்கூடிய இடம் ஒன்று இப்போது விரிவடைந்துவருகிறது. காசநோயாளியின் வீட்டில் கூட வசிப்பவர்களுக்கு, நோய் வராமல் தடுக்க, ஐசோனியசிடையோ அதனுடன் ரிஃபபென்டைனையோ மாதக்கணக்கில் கொடுக்கும் திட்டத்தை அரசு 2021 முதல் விரிவாக்கியிருக்கிறது. இவர்கள் நோயாளிகள் அல்ல. பத்துக்குப் பத்து அறையில் கூடத் தங்கியிருக்கும் அம்மா, தம்பி, மருமகள். உடம்பில் ஒன்றும் இல்லாதவர் மாத்திரை சாப்பிட்டு ஈரல் கெட்டால், அதை நோயின் கணக்கில் எழுத முடியாது. எல்லோருக்கும் மாதாமாதம் ஈரல் சோதனை செய்ய எந்தத் திட்டத்திடமும் பணமில்லை. யாருக்கு மட்டும் செய்யலாம் என்று வரிசைப்படுத்தித் தரும் சுமாரான நிரல்கூட இங்கே உதவும். தவறாகக் கைகாட்டப்பட்டவருக்குப் போவது ஓர் ஊசிக்குத்தும் கொஞ்சம் ரத்தமும்தான். ஆனால் கைகாட்டப்பட்டவர் தாராவியின் சிறிய மாநகராட்சி மையத்தில் காலையில் ரத்தம் கொடுத்தால், முடிவு மறுநாளே வர வேண்டும். மஞ்சள் தட்டினால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே இருப்பவருக்கு இருக்க வேண்டும். அப்படி நிறுத்தியது நிக்‌ஷயிலும் காசியாபாத்திலும் ஒருசேரப் பதிவாக வேண்டும்.